ஆறு தூண் வீட்டின் பொங்கல் படம்

சின்னத்தங்கம் தேற்றாத்தீவு வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தபோது, மஜீட் ஒரு பழைய சுவருக்கு முன்னால் குடை பிடித்தபடி நின்றார். குடை அவருக்கல்ல, முக்காலியில் இருந்த கமராவுக்கு.

"வீடுகளப் படம் பிடிக்கிற மஜீட் காக்கா நீங்கதானே?"

"வீடு, மடம், களஞ்சியம், எல்லாம்தான். ஒரு நிமிசம் பொறுங்க தங்கச்சி. அந்த முகில் கடக்கட்டும்."

முகில் கடந்தது. வாசிகசாலையின் முகப்பில் வெயில் சரிந்து விழுந்தது. ஷெல் பட்டு உடைந்த வளைவு, சுண்ணாம்புச் சாந்தில் செய்த கொடி வேலைப்பாடு, கதவுக்கு மேலிருந்த மரச் சல்லடை எல்லாம் ஒரே நொடியில் எழுந்து நின்றன. மஜீட் பொத்தானை அழுத்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, கட்டிடத்தின் பெயர், கூரை வகை, முகம் பார்க்கும் திசை, மாதம், மணி என்று வரிசையாக எழுதினார்.

"பாத்தீங்களாக்கா?" என்றான் பக்கத்தில் நின்ற சீனித்தம்பி. அவன் மஜீட்டை ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் ஓட்டோக்காரன். ஐம்பது வயது, ஐந்து பிள்ளைகளின் தகப்பன், வாய் ஓயாதவன். "இதே வாசிகசாலைக்குத் தை மாசத்திலயும் வந்தம். காலையில இருந்து பின்னேரம் மட்டும் நிண்டும் ஒரு படம் எடுக்கல்ல. 'இப்ப சரிவராது, ஆனியில வருவம்' எண்டு திரும்பிட்டார். எனக்கு வாய்ச்ச சவாரியப் பாருங்க!"

மஜீட் காத்தான்குடிக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். முப்பது வருடம் அரசாங்கத்தில் கட்டிடப் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவர் அளந்து வரைந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. சமாதான ஒப்பந்தம் வந்து பாதைகள் திறந்ததும், மிச்சம் இருப்பவற்றையாவது பதிந்து வைக்க வேண்டும் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். 2003ஆம் ஆண்டிலும் கமராவைத் தூக்குவதற்கு முன் இராணுவ முகாமில் வாங்கிய அனுமதிக் கடிதத்தைத் தூக்க வேண்டியிருந்தது. அது எப்போதும் அவருடைய மேல்பையில் மடிந்து கிடந்தது.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ஒரு நெல் களஞ்சியத்தில் மூட்டைகள் களவுபோனபோது, யன்னல் பலகையின் தூசியைப் பார்த்தே எந்த வழியால் போயின என்று சொன்னவர். அந்தப் பெயர்தான் சின்னத்தங்கத்தை இங்கே கொண்டுவந்திருந்தது.

"நாளையிண்டைக்கு என்ட வீடு போகப்போகுது காக்கா," என்றார் அவர்.

சின்னத்தங்கத்தின் வீடு மட்டக்களப்பு நகரத்தில், புளியந்தீவின் வாவிக் கரையில் இருந்தது. தாய் அவருக்குச் சீதனமாகக் கொடுத்தது. முன் விறாந்தையில் ஆறு தூண்கள் நின்றதால் ஆட்கள் அதை ஆறு தூண் வீடு என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவரும் கணவரும் உடுத்த துணியோடு ஓடி, வள்ளம் ஏறி, இந்தியாவில் அகதி முகாமில் இருந்தார்கள். கணவர் அங்கேயே இறந்துபோனார். இந்த வருடம் மாசி மாதம் திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் வினாயகமூர்த்தி என்பவர் குடும்பத்தோடு இருந்தார்.

"வீட்டு உறுதிப் பத்திரம் என்ட பேரில இரிக்கி. 'வீட்ட விட்டு எழும்புங்க' எண்டு மாசியிலயே கடிதம் குடுத்திட்டன். அதுக்கு அவர் சொல்றார், தொண்ணூத்து மூண்டு தைப்பொங்கலுக்கு முதலே வந்திட்டாராம். பத்து வருசம் தடையில்லாம இருந்தா, வீடு இருக்கிற ஆளுக்காம். தை மாசக் கணக்கெண்டா நான் கடிதம் குடுக்கக்குள்ள பத்து வருசம் முடிஞ்சு ஒரு மாசம். பிந்தி வந்தவரெண்டா முடியல்ல. எல்லாம் அதிலதான் நிக்கிது."

"அக்கம்பக்கத்தார் சொல்லமாட்டாங்களா?"

"ரெண்டு பக்கமும் சனம் மாறிட்டு. இப்ப இரிக்கிறாக்கள் ரெண்டாயிரத்தில வந்தவங்க. கோட்டுக்குப் போகாம, உறுதி எழுதுற நொத்தாரிசு கனகசிங்கம் ஐயாட தீர்ப்புக்குக் கட்டுப்படுறம் எண்டு ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சிட்டம். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. வினாயகமூர்த்தி சாட்சிக்குக் குடுத்த படம் இது, ஐயாட்டக் கேட்டு வாங்கி வந்தன்."

சின்னத்தங்கம் கடித உறையிலிருந்து ஒரு வர்ணப் படத்தை எடுத்துக் கொடுத்தார். மஜீட் அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார்.

வாவிப் பக்கம் நின்று வீட்டின் முகப்பை நேராக எடுத்த படம். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு, பொங்கி வழியும் பானை, இரு பக்கமும் கரும்பு, தலைவாழை இலை. ஓர் ஆண் பானையின் மேல் குனிந்திருந்தார். ஒரு பெண் கமராவுக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். வேறு யாரும் இல்லை. இடப்பக்கத்திலிருந்து வந்த காலை வெயில் ஆறு தூண்களின் முகத்திலும் அடித்து, விறாந்தைத் தரையைக் கடந்து, உட்சுவரின் கீழ்ப்பாதியில் ஏறியிருந்தது. சுவரில் தூண்களின் நிழல்கள் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. படத்தின் கீழ் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் 93 1 14 என்று கமராவே பதித்த திகதி.

சீனித்தம்பி எட்டிப் பார்த்தான். "கள்ளத் திகதி காக்கா! கமராக்குப் பின்னால இரிக்கிற மணிக்கூட்டத் திருப்பிவிட்டா எந்தத் திகதியும் விழும்தானே?"

"விழும். அதுக்குள்ள இரிக்கிற சின்ன மணிக்கூட்டுக்கு நாம குடுக்கிற திகதிதான் தெரியும். ஆனா 'திருப்ப ஏலும்' எண்டு சொன்னா நொத்தாரிசு ஐயா 'திருப்பினாரா?' எண்டு கேப்பார். ஏலும் எண்டதும் செஞ்சார் எண்டதும் ரெண்டு." மஜீட் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார். "வீட்டு வாசல் வாவியப் பாத்து. அப்ப வடக்கு, என்ன?"

"ஓம், நேர் வடக்கு."

"நீங்க இரிக்கக்குள்ள எவடத்தில பொங்கின நீங்க?"

"கிழக்குப் பக்கம், கிணத்தடியில. அம்மாட காலத்தில இருந்து அங்கதான்."

"முன்வாசல் இவ்வளவு பெரிசா இரிக்கி. ஏன் அங்க பொங்கல்ல?"

சின்னத்தங்கம் யோசித்தார். "அது வழக்கம் காக்கா. ஏனெண்டு ஒருத்தரும் கேட்டதில்ல."

மஜீட் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை. பாலத்துச் சோதனைச் சாவடியில் கடிதத்தைக் காட்டி, கமராப் பையைக் கொட்டிக் காட்டி, மறுபடி அடுக்கி, அவர்கள் புளியந்தீவுக்குள் நுழைந்தபோது சூரியன் ஏறத் தொடங்கியிருந்தது. வாவிக் கரையில் ஓட்டோவை நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். மஜீட் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து வீட்டுக்கு நேரே பிடித்தார். முகப்பு ஒரு பாகைகூடப் பிசகாமல் வடக்கைப் பார்த்தது.

"பழைய மேசன்மார் கயிறு கட்டித்தான் திசை பாத்தாங்க," என்றார் அவர் ரசித்து. "பார் சீனி, நடு ரெண்டு தூணுக்கும் இடையில வெளி கொஞ்சம் கூட. வாசல் பெரிசாத் தெரியிறதுக்கு. தூண் மேல போகப் போக ஒடுங்குது. இல்லாட்டி பாரமாத் தெரியும்."

"காக்கா, நாம தூண் பாக்கவா வந்த? களவு பிடிக்க வந்த."

"ரெண்டும் ஒரு வேலைதான். படத்தில உனக்கு என்ன வித்தியாசமாப் படுது, சொல்லு."

சீனித்தம்பி படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். "கடுதாசியில தேத்தண்ணி நிறம். நனைச்சுப் பழசாக்கிரிக்கான்."

"பெட்டியில ஈரம் பட்டாலும் அப்படித்தான் ஆகும்."

"யன்னல் பச்சை. இப்பவும் பச்சை. பத்து வருசத்தில மை மங்காதா?"

"மறுகா பூசியிருப்பார். இதுவும் நிக்காது."

"அப்ப இது நிக்கும்!" சீனித்தம்பி குரலை உயர்த்தினான். "பொங்கல் படமாம், ஒரு புள்ளயக் காணல்ல! எங்கட வீட்டில கமரா எண்டு சொன்னாப் போதும், அஞ்சும் பானைக்கு முன்னால வந்து நிண்டு பானையே தெரியாது. இந்தாளுக்கு எத்தின புள்ளயாம்?"

மஜீட் முதல்முறையாகச் சிரித்தார். "நல்லாச் சொன்னாய். அத வெச்சிரு. இப்ப படத்த இறக்கிட்டு வீட்டப் பார்."

சீனித்தம்பி பார்த்தான். வெயில் இடப்பக்கத்திலிருந்து ஆறு தூண்களின் முகத்திலும் அடித்தது. விறாந்தைத் தரையைக் கடந்து உட்சுவரின் கீழ்ப்பாதியில் ஏறி நின்றது. தூண்களின் நிழல்கள் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன. அவன் முகம் தொங்கிப்போனது.

"அச்சு அசல் அதே படம் காக்கா. ஒரு நூல்கூட மாறல்ல. அந்தாள் சொல்றது உண்மைபோல."

"அதே படம்தான்," என்றார் மஜீட். அவர் குரலில் சந்தோசம் தெரிந்தது. "நானும் அதத்தான் எதிர்பாத்த."

சீனித்தம்பி அவரை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கதவு திறந்தது. தோளில் துவாயோடு வாட்டசாட்டமான ஒருவர் முற்றத்துக்கு இறங்கி வந்தார். வினாயகமூர்த்தி. விறாந்தையில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மேசையில் புத்தகங்களை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சிறியவர்கள் தூணைச் சுற்றி ஓடினார்கள்.

"படம் எடுக்கவா? எடுங்க, எடுங்க. வடிவான வீடு. வாறவன் போறவன் எல்லாம் நிண்டு பாப்பான்."

"வீட்ட நல்லா வெச்சிரிக்கிங்க தம்பி," என்றார் மஜீட். அது உண்மை. ஓடுகள் மாற்றப்பட்டிருந்தன, தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. "சொந்த இடம் இங்கதானா?"

"மாங்கேணி. முப்பது வருசம் கடல். வள்ளம், வலை, வீடு எல்லாம் எரிஞ்சி போச்சு. இப்ப சந்தையில கருவாட்டுக் கடை." அவர் வாவியைப் பார்த்தார். "வெள்ளெண எழும்பினா இப்பவும் கண் கடலத்தான் தேடுது. இங்க என்ன? கூரையும் மரமும் மறைச்சி சூரியன் எழும்புறதே தெரியிறல்ல."

"புள்ள படிக்கிறாளா?"

"மார்கழியில சோதனை. கெட்டிக்காரி." தகப்பனின் முகம் ஒரு கணம் மலர்ந்து உடனே இறுகியது. அடுத்த நாள் தீர்ப்பு என்பது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் உள்ளே போனார்.

மஜீட் ஓட்டோவில் ஏறியதும் சொன்னார்: "நொத்தாரிசு ஐயா வீட்ட விடு. நாளைக்கு விசாரணைய இந்த முற்றத்தில வைக்கச் சொல்லிக் கேக்கணும். இதே நேரம்."

நொத்தாரிசு கனகசிங்கத்துக்குக் காலை ஆறரைக்கு வெளியே வருவது பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, முற்றத்து மணலில் போட்ட கதிரையில், மடியில் கோப்போடு அமர்ந்தார். ஒரு பக்கம் சின்னத்தங்கம், மறுபக்கம் வினாயகமூர்த்தியும் மனைவி இராசாத்தியும். பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருந்தார்கள். ஆனால் மூத்தவளின் நிழல் யன்னலுக்குப் பின்னால் தெரிந்தது.

"சுருக்கமா முடிப்பம்," என்றார் நொத்தாரிசு. "வினாயகமூர்த்தி, இந்தப் படம் தொண்ணூத்து மூண்டு தைப்பொங்கல் அண்டு காலையில எடுத்தது. அப்படித்தானே?"

"ஓம் ஐயா. திகதி விழுந்திரிக்கி."

"மஜீட், உங்களுக்கு இதில என்ன சொல்ல இரிக்கி?"

"முதல்ல ஒரு கேள்வி. எனக்குக் கடல் தெரியாது. தம்பிக்குத் தெரியும்." மஜீட் அமைதியாக வினாயகமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "மாங்கேணியில உங்கட மீன் வாடிக்கு முன்னால கடலப் பாத்து நிண்டா, சூரியன் வருசம் முழுக்க ஒரே இடத்திலயா எழும்பும்?"

வினாயகமூர்த்தி சிரித்தார். கடலைப் பற்றிய கேள்வி அவருக்குத் தெம்பைக் கொடுத்தது. "ஆர் சொன்ன? பங்குனியில நேர எழும்பும். மறுகா ஒவ்வொரு நாளும் இடக்கைப் பக்கம், வடக்கால நகரும். ஆனியில நல்லா வடக்க போயிரும். பிறகு திரும்பி வந்து, மார்கழி தையில வலக்கைப் பக்கம், தெக்கால. அத வெச்சித்தானே நாங்க மாசம் பாக்கிற."

"தைப்பொங்கல் அண்டு?"

"தெக்கத்தான். எங்கட வாடியில இருந்து பாத்தா, தெக்கே ஒரு பாறை. அதுக்கு மேலதான் கிளம்பும். சின்ன வயசில இருந்து பாக்கிறன், அதில மாத்தமே இல்ல."

"நன்றி தம்பி. ஐயா, இத எழுதிக்கொள்ளுங்க."

மஜீட் ஒரு குச்சியை எடுத்து மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "இது கிழக்கு மேற்கு. வீட்டு முன்சுவர் இந்தக் கோட்டிலதான் நிக்கிது. நான் திசைகாட்டி வெச்சுப் பாத்த, ஐயாவும் பாக்கலாம். முகம் வடக்க. சூரியன் கோட்டுக்கு வடக்கால நிண்டாத்தான் வெயில் இந்த முகத்தில படும். தெக்கால நிண்டா, காலையில தொடங்கிப் பொழுதுபடும் மட்டும், வீட்டு முதுகிலதான் படும். முகம் வீட்டுட சொந்த நிழலுக்குள்ள இரிக்கும்."

நொத்தாரிசு படத்தைத் தூக்கி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். பிறகு வீட்டைப் பார்த்தார். அதே நேரம் வெயில் பக்கத்துக் கூரையைத் தாண்டி வந்து தூண்களைத் தொட்டது. எல்லோருடைய கண்களும் அதன் பின்னால் போயின. அது விறாந்தையைக் கடந்து உட்சுவரின் கீழ்ப்பாதியில் விழுந்தது. சாய்ந்த நிழல்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் வந்து நின்றன. படத்தில் இருந்தது கண்ணெதிரே நடந்தது.

"இண்டைக்கு ஆனி மாசம்," என்றார் மஜீட். "சூரியன் வடக்க இரிக்கி. அதனாலதான் வெயில் இங்க வருது. படத்திலயும் இதே வெயில். கட்டிடம் படம் பிடிக்கிறவனுக்கு இது முதல் பாடம். வடக்குப் பாத்த கட்டிடத்துக்கு எங்கட ஊரில சித்திரையில இருந்து ஆவணிக்குள்ள போகணும். தையில போனா இருட்டு முகம்தான் கிடைக்கும். அதனாலதான் இந்த வீட்டில முன்வாசல்ல பொங்காம, கிழக்க கிணத்தடியில பொங்கினாங்க. தேற்றாத்தீவு வாசிகசாலைய எடுக்க நான் அஞ்சு மாசம் பொறுத்த."

"அதுக்குத்தானா!" என்று சீனித்தம்பி தலையில் கைவைத்தான். "நான் உங்களுக்கு விசர் எண்டு நினைச்ச காக்கா!"

வினாயகமூர்த்தி வாவியைக் கைகாட்டினார். "ஐயா, முன்னால வாவி. தண்ணி வெயிலத் திருப்பி எறிஞ்சிரிக்கும். தையிலயும் அப்படி விழலாம்தானே?"

"நல்ல கேள்வி," என்றார் மஜீட். உண்மையிலேயே அவருக்குப் பிடித்த கேள்வி அது. "தண்ணியில பட்ட வெளிச்சம் கீழ இருந்து மேல வரும். அது விறாந்தைக் கூரையில போய் ஆடும். நிழலும் மேல் நோக்கி ஏறும். இங்க பாருங்க, வெயில் சுவருட கீழ்ப்பாதியில, மேலே இருட்டு. தாழ்வாரத்துக்குக் கீழால, மேல இருந்து இறங்கின வெயில். அதோட, சூரியன் வீட்டுக்குப் பின்னால நிக்கக்குள்ள வாவியில பட்ட வெளிச்சம் அக்கரைக்குத்தான் போகும், திரும்பி வராது."

நொத்தாரிசு மெல்லத் தலையசைத்தார். "ஆனா மஜீட், கமராட திகதி பிழையா இரிக்கலாம். உண்மையில தொண்ணூத்து மூண்டு ஆனியில எடுத்த படமா இரிந்தா?"

"அப்படியெண்டாலும் மாசியில பத்து வருசம் முடியல்ல ஐயா. ஆனா ஆனியில ஆர் கரும்பு நட்டுப் பொங்குவாங்க? அடுத்தது, இராசாத்தித் தங்கச்சி எப்படி நிக்கிறா பாருங்க. வெயில் கமராப் பக்கத்தில இருந்து வருது. அவ கமராக்கு முதுகக் காட்டி வீட்டுச் சுவரக் கும்பிடுறா. அதாவது, சூரியனுக்குப் பொங்கிட்டு சூரியனுக்கே முதுகக் காட்டுறா. எந்த வீட்டிலயாவது அப்படி நடக்குமா?"

இராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"படத்தில முகம் விழக்கூடாது எண்டுதான் அப்படி நிண்ட. தம்பியும் குனிஞ்சு நிக்கிறார். முகம் விழுந்தா வயது தெரியும். மிச்சத்த சீனி சொல்லட்டும். அது அவன் கண்டுபிடிச்சது."

சீனித்தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். "ஐயா, பொங்கல் படத்தில புள்ளைகள் இல்ல. மூத்தவளுக்கு இப்ப பதினஞ்சு. தொண்ணூத்து மூண்டில அஞ்சு வயது. பானைக்கு முன்னால அவதான் நிண்டிரிக்கணும். ஏன் இல்ல? பெரியவங்க குனிஞ்சு தப்பலாம். புள்ளைய எப்படி அஞ்சு வயசாக்கிற?"

யன்னலுக்குப் பின்னாலிருந்த நிழல் விலகியது.

வினாயகமூர்த்தி மணலில் இழுத்த கோட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு.

"முப்பது வருசம் அந்தச் சூரியனப் பாத்திரிக்கன் ஐயா. கடல்ல அது எங்க நிக்கும் எண்டு கண்ண மூடிட்டுச் சொல்லுவன். சுவரில எங்க விழும் எண்டு ஒரு நாளும் யோசிக்கல்ல." அவர் நிமிர்ந்தார். "இந்த வருசம் வைகாசியில எடுத்தது. வெளிநாட்டில இருந்து வந்த மச்சான்ட கமரா. நாங்க இந்த வீட்டுக்கு வந்தது தொண்ணூத்தஞ்சு ஆவணி. அதுக்கு முதல் அஞ்சு வருசம் பள்ளிக்கூடத்திலயும் மரத்தடியிலயும். இந்தக் கூரை ஒழுகக்குள்ள நான்தான் ஓடு மாத்தின. தூணில விழுந்த வெடிப்ப நான்தான் சாந்து வெச்சு அடைச்ச. என்ட எண்டு நினைச்சிட்டன்."

"நினைச்சதோட நிண்டிரிக்கலாம்," என்றார் நொத்தாரிசு கடுமையாக. பேனையைத் திறந்து கோப்பில் எழுதத் தொடங்கினார். எழுதியதை உரக்கப் படித்தார். ஆட்சியுரிமை நிறுவப்படவில்லை, வீடு உறுதியின்படி சின்னத்தங்கத்துக்கு உரியது, குடியிருப்பவர் உடனே எழும்ப வேண்டும். "கள்ளப் படம் காட்டினதுக்குப் பொலிசுக்கும் எழுத ஏலும். அது சின்னத்தங்கத்தப் பொறுத்தது."

இராசாத்தி வந்து சின்னத்தங்கத்தின் முன்னால் நின்றார். உள்ளே சின்னப் பிள்ளை எதற்கோ அழுதது. அக்காள்காரி அதை அதட்டி அடக்கினாள்.

சின்னத்தங்கம் தூண்களைப் பார்த்தார். வெடிப்பு அடைத்த இடம் எங்கே என்று தேடுவது போலிருந்தது. மூன்றாவது தூணில் அது தெரிந்தது. ஒழுங்காக, கோடு தெரியாமல் அடைத்த வேலை.

"பொலிசு வேணாம் ஐயா," என்றார் அவர். "நானும் பன்ரெண்டு வருசம் ஒருத்தன்ட கொட்டிலுக்க இருந்தவள்தான். அந்தப் புள்ளைட சோதனை எப்ப?"

"மார்கழி," என்றார் இராசாத்தி தாழ்ந்த குரலில்.

"அப்ப மார்கழி முடியும் மட்டும் பின்பக்கம் ரெண்டு அறையிலயும் இருங்க. தையில போயிரணும். இத எழுதுங்க ஐயா, அவர் கையெழுத்து வைக்கட்டும். ஆனா முன் கதவுத் திறப்பு எனக்கு இப்பவே வேணும்."

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க," என்று சீனித்தம்பி காதோரம் முணுமுணுத்தான். "இந்தாள் மறுகாவும் படம் காட்டுவான்."

"காட்டட்டும். மஜீட் காக்காட கொப்பி இரிக்கிதானே."

வினாயகமூர்த்தி கையெழுத்து வைத்தார். உள்ளே போய் முன்வாசல் கதவை இழுத்துப் பூட்டி, பக்கவாசலால் சுற்றி வந்து, கையளவு நீளமான பழைய இரும்புத் திறப்பை இரண்டு கையாலும் நீட்டினார். சின்னத்தங்கம் அதை வாங்கிக்கொண்டு படிகளில் ஏறினார். சுவரில் ஏறியிருந்த வெயில் அவர் முதுகிலும் விழுந்தது. திறப்பைப் போட்டுத் திருப்பினார். பூட்டு கழன்ற சத்தம் கேட்டது, கதவு அசையவில்லை.

"கொஞ்சம் தூக்கித் தள்ளணும் அக்கா," என்று வினாயகமூர்த்தி முற்றத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். "மழைக்கு ஊதிப்போன கதவு."

"தெரியும்," என்றார் சின்னத்தங்கம் திரும்பாமலே. "அது எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு ஊதினது."

கைப்பிடியை மேலே தூக்கி, கீழ் மூலையில் முழங்காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கதவு திறந்தது.